'அப்பவே பார்த்திருக்கலாமே': தாமதமாகத் தெரிந்த புராஸ்டேட் புற்றுநோயும் அந்த வருத்தத்தோடு வாழும் வழியும்

மதுரையில் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு காரைக்குடி பஸ்ஸில் ஏறினோம். மேலூர் தாண்டுவதற்குள் என் மனசு இரண்டு வருடம் பின்னால் போய்விட்டது. திருப்பத்தூர் வந்தபோது ஐந்து வருடம். குன்றக்குடி மலை தெரிந்தபோது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால்? என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, பழுப்புக் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அப்போது எனக்கு 66 வயது. ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அந்தச் சுரப்பி விடும் புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று காட்டும் பிஎஸ்ஏ 186. நோயின் வேகத்தைச் சொல்லும் கிளீசன் 9. இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. அதற்கு முந்தைய எட்டு மாதமும் இடுப்புவலிக்கு நான் செய்த வைத்தியம் தைலமும் வெந்நீர் ஒத்தடமும்தான். ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பதை, வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன்.

இது நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. அந்த வருத்தம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டேன். இந்தப் பக்கத்து ஊர்களில் இதே கவரோடு திரும்பி வருகிற ஆண்களுக்கும், அவர்களின் வீட்டாருக்கும் உதவட்டும் என்று, நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: காத்திருக்கக் கூடாத இரண்டு

நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்குக் கால் திடீரென்று பலமிழந்தால், மரத்துப்போனால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், மலமோ சிறுநீரோ கட்டுப்பாடில்லாமல் போனால், இதுவரை இல்லாத கடுமையான முதுகுவலி வந்தால், அது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் நடையே போய்விடலாம்.

இரண்டாவது, இருந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வருவது. வந்தால் வெட்கப்படாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை 2022 முதல் இயங்குகிறது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

படி 1: 'லேட்' என்றால் எவ்வளவு லேட் என்று கேளுங்கள்

நம் ஊரில் 'லேட்டாயிடுச்சு' என்றாலே நாள் எண்ணுகிற அர்த்தம்தான். புராஸ்டேட் விஷயத்தில் அந்தச் சொல்லுக்குள் பல நிலைகள் இருக்கின்றன. சுரப்பியைவிட்டு அக்கம்பக்கம் மட்டும் பரவியதும் லேட்தான், நிணநீர்க் கணுவுக்குப் போனதும் லேட்தான், எலும்புக்குப் போனதும் லேட்தான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, எதிர்பார்ப்பும் வேறு.

ஒரு நோட்டில் நாலு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். பிஎஸ்ஏ அளவு என்ன, கிளீசன் எத்தனை, எங்கெல்லாம் பரவியிருக்கிறது, இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா கட்டுக்குள் வைப்பதா. கிளீசன் எண் 6-லிருந்து 10 வரை போகும். கூடக் கூட நோயின் வேகம் அதிகம் என்று பொருள். கடைசிக் கேள்வியைக் கேட்க எனக்கு மூன்று தடவை வாய் வரவில்லை. நாலாவது தடவை என் மனைவிதான் கேட்டாள். "கட்டுக்குள்ள வைக்கிறதுதான் அம்மா, ஆனா அதுக்கு நல்ல மருந்துகள் இருக்கு" என்றார் டாக்டர்.

அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. இந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அதை நிறுத்தினால் நோய் சுருங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்றைக்கும் பரவிய நோய்க்கு அடிப்படை வைத்தியம் அதுதான். மாதத்துக்கொரு முறையோ மூன்று மாதத்துக்கொரு முறையோ ஊசி போடுவார்கள், அல்லது விரைகளை எடுக்கும் சிறு அறுவை சிகிச்சை செய்வார்கள். தொடக்கத்திலேயே இதோடு அபிராட்டெரோன் மாத்திரையும் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. பலருக்கு வருடக்கணக்கில் நோய் அடங்கியிருக்கிறது.

வருத்தத்தைப் பற்றிய கட்டுரையில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். விவரம் தெரியாத இடத்தில்தான் வருத்தம் பெருகும். என்ன போயிற்று என்று சரியாகத் தெரியாதவனுக்கு எல்லாமே போனதுபோல் இருக்கும்.

படி 2: சிட்டை எழுதுங்கள்

எனக்கு மிகவும் உதவியது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் அப்பா கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அன்றாட வரவு பற்றைச் சிட்டையில் எழுதி, அங்கிருந்து பேரேட்டுக்குக் கொண்டுபோய், வருடக் கடைசியில் ஐந்தொகை போடுவார். சின்ன வயதில் ஒருநாள், அவர் சிட்டையில் ஒரு தொகையைத் தப்பாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, பிளேடால் சுரண்டிவிட்டுத் திருத்தப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "முந்தா நாள் பக்கத்துல இன்னிக்கிக் கை வைக்கக் கூடாதுப்பா. அன்னிக்கி எழுதினது அன்னிக்கித் தெரிஞ்சது. தப்புன்னா இன்னிக்கித் தேதியில மாத்திப் பத்து எழுது" என்றார்.

ரிப்போர்ட் வந்த மூன்றாம் வாரம், தூக்கம் வராத ஓர் இரவில், இது ஞாபகத்துக்கு வந்தது. நான் தினமும் செய்துகொண்டிருந்தது அந்தச் சுரண்டல் வேலையைத்தான். ஐந்து வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் இன்றைய பிஎஸ்ஏவை எழுதிவைத்துவிட்டு, இது தெரிந்தும் சும்மா இருந்தாயே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்துக்கு மூன்று பத்தி கோடு போட்டேன். முதல் பத்தியில் தேதி, மாதமாவது வேண்டும். இரண்டாவதில் அன்று எனக்கு என்ன தெரியும். மூன்றாவதில் அதை வைத்து என்ன செய்தேன். இன்று தெரிந்த எதையும் இரண்டாம் பத்தியில் எழுதக் கூடாது. விதி அது ஒன்றுதான்.

ஒரு பதிவைக் காட்டுகிறேன். 'ஆடி மாதம். ராத்திரி நாலு தடவை எழுகிறேன். பெரியப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது, அவர் 84 வரை இருந்தார். சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு கிளினிக்கில் காட்டினேன். புராஸ்டேட் வீக்கம், வயசுக்கு வருவதுதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். பிஎஸ்ஏ என்ற பெயரையே அன்று நான் கேள்விப்பட்டதில்லை.' மூன்றாம் பத்தியில், 'மாத்திரை சாப்பிட்டேன்.'

எழுதி முடித்துப் பார்த்தபோது, நான் என்னமோ சும்மா இருந்த ஆள் இல்லை என்று தெரிந்தது. தெரிந்ததை வைத்துச் செய்திருக்கிறேன். முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருந்ததுபோல மனசு நம்மை ஏமாற்றும். பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-இலேயே சோதனை செய்து இதைக் காட்டினார். படித்தவர் படிக்காதவர் யாரானாலும் மனசு இப்படித்தான் ஏமாற்றும்.

ஆனால் நோட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிடாது. இன்னொரு பதிவு என்னிடம் இருக்கிறது. 'தை மாதம். இடுப்புவலி ஆறு மாதமாகிறது. தூக்கத்தில் எழுப்புகிறது. அஞ்சு கிலோ குறைந்திருக்கிறேன். மனைவி இரண்டு தடவை மதுரைக்குப் போவோம் என்றாள். பேத்தி காதுகுத்து முடியட்டும் என்றேன்.' இதில் நான் சொல்லிக்கொள்ளச் சாக்கு எதுவும் இல்லை. பயந்திருந்தேன், பயத்தைக் காதுகுத்தின் மேல் போட்டேன். அந்த இரண்டு மாதம் என் கணக்கில் நிற்கிறது.

அப்படி நிற்பதைப் பார்த்தும் நான் உடைந்துபோகவில்லை. ஐந்து வருடக் குற்றம் இரண்டு மாதக் குற்றமாகச் சுருங்கியிருந்தது. இரண்டு மாதத்தை மனுசனால் சுமக்க முடியும். அந்தப் பக்கத்தின் கீழே அன்றைய தேதி போட்டு ஒரு வரி எழுதினேன்: 'இனி வலியை யாரிடமும் மறைப்பதில்லை.' மாற்றுப் பதிவு அவ்வளவுதான்.

டாக்டர் மீதுள்ள கோபத்தையும் இதே நோட்டில் எழுதுங்கள். எனக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிய கிளினிக்கின் மேல் பல மாதம் கொதித்தேன். எழுதியபோது, அவர்கள் ஒரு பரிசோதனையைச் சேர்த்து எழுதியிருக்கலாம் என்ற நியாயமான குறை மட்டும் மிஞ்சியது. நேரில் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

படி 3: இந்த நோயின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆரம்பநிலைப் புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. அது அதிகமாகத் தொடங்குவது சுரப்பியின் வெளிப்புறப் பகுதியில், மூத்திரக் குழாயிலிருந்து தள்ளி. அதனால் சிறுநீர்ப் போக்கில் தொந்தரவு தராமலே வளரும். ராத்திரி அடிக்கடி எழுவதும் சொட்டுச்சொட்டாகப் போவதும் பெரும்பாலும் வயதினால் வரும் சாதாரண வீக்கத்தால்தான். ஆகவே, அலட்சியப்படுத்தினேன் என்று நீங்கள் நினைக்கிற அந்தச் சிறுநீர்த் தொந்தரவு, புற்றுநோயின் அறிகுறியாக இல்லாமலே இருந்திருக்கலாம்.

எல்லாரும் பிஎஸ்ஏ பார்க்கிறார்கள், நாம்தான் பார்க்கவில்லை என்பதும் உண்மையில்லை. நம் அரசு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் பொதுப் பரிசோதனை நடத்துகிறது. புராஸ்டேட்டுக்கு இல்லை. அமெரிக்காவிலேயே அரசின் நிபுணர் குழு 2012-இல், தொந்தரவில்லாத ஆண்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. 2018-இல் மாற்றி, 55 முதல் 69 வயதுள்ளவர்கள் டாக்டரோடு பேசி முடிவெடுக்கட்டும் என்றது. 70-க்கு மேல் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. தேவையில்லாத பயாப்சியும் (திசுவை எடுத்துச் சோதிப்பது) அறுவையும் கூடிவிடும் என்பது அவர்கள் கவலை. நிபுணர்களே இப்படி மாறி மாறிச் சொன்ன விஷயத்தில், காரைக்குடி செக்காலை ரோட்டில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த நான் மட்டும் எப்படிச் சரியாக முடிவெடுத்திருப்பேன்?

2025 மே மாதம், அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு இந்த நோய் இருப்பது வெளியே வந்தது. அவருக்கும் கிளீசன் 9. எலும்புக்குப் பரவிய பிறகுதான் தெரிந்தது. கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் நிற்கிற மனுசர். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இன்னொருவருக்கு நோய் என்பதில் எனக்கு நிம்மதி இல்லை. ஆனால் ரொம்ப நாளாக நெஞ்சில் இருந்த ஒரு முடிச்சு அன்றைக்கு லேசாக இளகியது.

சரி, முன்பே பார்த்திருந்தால் குணமாகியிருக்குமா? சிலருக்கு ஆகியிருக்கும். சிலருடைய நோய் ஆரம்பத்திலேயே வேகமாகப் பரவும் வகை. உங்களுடையது எது என்று பின்னோக்கிப் பார்த்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் வராது என்று தெரிந்தபிறகு நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன்.

படி 4: ஊசியின் வேலை எது, வருத்தம் எது

இதை முன்கூட்டி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹார்மோனை நிறுத்தும் ஊசி மனசையும் தொடும். திடீரென்று உடம்பு கொதிப்பது, நள்ளிரவில் சட்டை நனைய வியர்ப்பது, அசதி, காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், ஆசையே இல்லாமல் போவது, எல்லாம் வரலாம். மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடும். எனக்கு மூன்றாம் மாதத்தில் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்து விழிப்பு வரும். விழித்ததும் பழைய கணக்கு தொடங்கும். என் குற்றம்தான் என்னை எழுப்புகிறது என்று நினைத்தேன். எழுப்பியது ஊசி. குற்றவுணர்வு பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், புற்றுநோய் டாக்டரிடம் வலியைச் சொல்வதுபோலவே இதையும் சொல்லுங்கள். மனநல மருந்து தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வைக்கும் வழி உண்டு, கேளுங்கள்.

அப்புறம், நடக்க வேண்டும். இந்தச் சிகிச்சையில் எலும்பும் தசையும் மெலியும், அசதி கூடும். அசதிக்கு ஓய்வைவிட உடற்பயிற்சி நல்ல மருந்து. எலும்பில் நோய் இருப்பவர்கள் எது செய்யலாம், எவ்வளவு தூக்கலாம் என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நான் ஊருணியைச் சுற்றி நடக்கிறேன். முதலில் அரைச் சுற்றுக்கே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு வரும் எண்ணத்துக்கு ஒரு ஏற்பாடு. தலைமாட்டில் துண்டுச் சீட்டு. வந்ததை ஒரு வரி எழுதி, காலையில் காபி குடித்தபிறகு பார்ப்பது. பாதிச் சீட்டுகளைக் காலையில் கிழித்துப் போட்டுவிடலாம்.

படி 5: வீட்டுக்குள் பேசுவது

வருத்தம் உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். என் மனைவி ஒருநாள் அரிசி களைந்துகொண்டே, "நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும்ங்க" என்றாள். அவள் முகத்தைத் திருப்பவே இல்லை. வெளிநாட்டிலிருக்கும் மகன், "வாராவாரம் பேசுனேன், ஒரு தடவைகூட உடம்பப் பத்திக் கேக்கலையேப்பா" என்று அழுதான். ஒரே வீட்டில் மூன்று பேர் ஆளுக்கொரு சுமையை ஒளித்துத் தூக்கிக்கொண்டிருந்தோம்.

பேசுவதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் சொல்லும்போது மற்றவர், "அதெல்லாம் இல்ல, விடு" என்று வாயை அடைக்கக் கூடாது. முழுசாகக் கேட்டபிறகு, "அன்னிக்கி உனக்கு என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்க வேண்டும். சிட்டைக் கேள்விதான். மகனுக்கு நான் சொன்ன பதில்: "நீ கேட்டிருந்தாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன். நான் மறைச்சது உன் கணக்கில வராது."

தாம்பத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் இதை யாரும் பேசுவதில்லை, அதனாலேயே அந்த வருத்தம் இரண்டு மடங்காகிறது. ஊசி தொடங்கியபின் ஆசை போய்விடுவது மருந்தின் விளைவு, அன்பு குறைந்ததால் அல்ல என்று மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்ல ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். அவள், "இதுக்குத்தான் திரும்பிப் படுத்தீகளா?" என்று கேட்டுவிட்டு என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

படி 6: திண்ணைக்கு வருகிறவர்கள்

நோய் என்று தெரிந்தால் ஊரே பார்க்க வரும். அன்பில்தான் வருகிறார்கள். ஆனால் பத்துக்கு ஆறு பேர், "முன்னாடியே பாக்கலையா?" என்பார்கள். முன்கூட்டியே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். என் பதில், "இல்ல ஆச்சி, இப்பப் பாத்துக்கிட்டிருக்கேன். உங்க வீட்ல அண்ணன் பாத்துட்டாகளா?" பேச்சு திரும்பிவிடும், ஒரு வேளை இன்னொருவர் பரிசோதனைக்கும் போவார். முடியாத நாளில் உள்ளே படுத்துக்கொள்ளுங்கள், வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 7: வருத்தம் அவசரமாக மாறும்போது நில்லுங்கள்

தாமதமாகிவிட்டது என்ற எண்ணம் ஈடுகட்டத் துடிக்கும். ஒரே மாதத்தில் குணம் என்கிறவரிடம் ஓடச் சொல்லும், நிலத்தை விற்கச் சொல்லும், ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறச் சொல்லும். பணம் சம்பந்தப்பட்ட எந்த முடிவுக்கும் ஒரு வாரம் அவகாசம் வைத்து, புற்றுநோய் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும், புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கொண்டுபோங்கள். வலிக்கும் நோவுத் தணிப்புக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

படி 8: மிச்சக் கடனைக் கட்டுவது

சிட்டையில் என் பேரில் நின்ற அந்த இரண்டு மாதத்தை எங்கே கட்டுவது? எனக்குக் கிடைத்த வழி என் தம்பி.

அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படிப்பட்டவர்கள் 45 வயதிலேயே பிஎஸ்ஏ பற்றி டாக்டரிடம் பேசலாம். குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சில மரபணுக் கோளாறுகள் இரண்டுக்கும் பொது. பிஎஸ்ஏ பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் தாம்பத்தியமும் சைக்கிள் ஓட்டுவதும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் ஆறியபிறகு பார்க்கலாம். அளவு கூடினாலே புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம். சாதாரண வீக்கத்திலும் கூடும்.

தம்பிக்கு 58 வயது, தேவகோட்டையில் கடை வைத்திருக்கிறான். போனில் மூன்று தடவை சொன்னேன். "பாக்கலாம்ண்ணே, ஆடித் தள்ளுபடி முடியட்டும்" என்றான். காதுகுத்து முடியட்டும் என்று நான் சொன்ன அதே குரல். பஸ் ஏறிப்போய், கடையில் அவன் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து, என் நோட்டை எடுத்துத் தை மாதப் பக்கத்தைப் பிரித்து வைத்தேன். படித்தான். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார், அவன் நிமிரவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

அன்றைய பக்கத்தில் எழுதியிருப்பது: 'ஆடி 22. தம்பி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. வரும்போது இரண்டு பேரும் காபி சாப்பிட்டோம். எனக்கு அடுத்த ஊசி ஆவணி முதல் வாரம். சாயங்காலம் ஊருணி இரண்டு சுற்று.'